கணினியில் மிக்-21: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் போர் விமானத்தைக் கணினியில் ஓட்டிப் பழகும் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரைப் பற்றி எழுதியபோது, அதில் தனியாக வாங்கிச் சேர்க்கும் மிக்-21பிஸ் என்ற சோவியத் போர் விமானத்தைப் பற்றி ஒரு பத்திதான் இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பற்றியே. அதனால் இந்த இதழ் முழுக்க மிக்-21தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பணம் கட்டி வாங்கிவிட்டேன், ஆனால் விளையாட்டுக்குள் விமானத்தையே காணோம். எங்கே தப்பு? ஸ்டீமில் வாங்குவது நல்லதா, நேரடியாக வாங்குவது நல்லதா?
*– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, முதலில் எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்று பாருங்கள். டிசிஎஸ் இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை, இன்னொன்று அதைத் தயாரிக்கும் ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் நேரடியாகத் தரும் பதிப்பு. ஸ்டீமில் வாங்கிய விமானத்தை, கணக்குகளை இணைத்துவிட்டால், நேரடிப் பதிப்பிலும் ஓட்டலாம். ஆனால் நிறுவனத்தின் தளத்தில் வாங்கியதை ஸ்டீம் பதிப்புக்குக் கொண்டுபோக முடியாது. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்: விளையாட்டை ஸ்டீமில் இறக்கியிருக்கிறீர்கள், விமானத்தை வேறு இடத்தில் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நேரடிப் பதிப்பை இறக்கிக்கொள்வதுதான் வழி. விளையாட்டு இலவசம்தான், திரும்பப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நேரடிப் பதிப்பிலேயே இருந்துகொண்டும் காணவில்லை என்றால், முகப்புத் திரையின் மேல் வரிசையில் 'மாட்யூல் மேனேஜர்' இருக்கும், அதைத் திறங்கள். வாங்கிய விமானங்கள் அங்கே பட்டியலாக வரும். வாங்கினால் தானாக இறங்கிவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே போய் நாம்தான் 'இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும். இறங்கி முடிந்ததும் விளையாட்டு ஒருமுறை மூடித் திறக்கும். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் ஆன்டிவைரஸ் ஏதாவது கோப்பைத் தூக்கித் தனியே வைத்துவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் அதை விடுவித்து, டிசிஎஸ் கோப்புறைக்கு விலக்குக் கொடுத்து, 'ரிப்பேர்' ஓட்டினால் போதும்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் நேரடிப் பதிப்பைத்தான் சொல்வேன். பல விமானங்களை இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதி அங்கேதான் உண்டு. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, டிசிஎஸ்ஸை எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் போடுங்கள். 16 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 32 இருந்தால் நிம்மதி.

எனக்குப் பணம் கொடுத்து வாங்க வழியில்லை. இலவசமாக ஒரு நல்ல ஜெட் கிடைக்குமா?
*– பிளஸ் டூ மாணவர், விருதுநகர்*

கிடைக்கும், தாராளமாக. டிசிஎஸ்ஸோடு சுகோய்-25டி ஜெட்டும் டிஎஃப்-51டி என்ற புரொப்பெல்லர் விமானமும் இலவசமாகவே வருகின்றன. காகசஸ், மரியானா வரைபடங்களும் இலவசம். ஆனால் சுகோய்-25டியில் காக்பிட் சுவிட்சுகளை மவுஸால் தொட்டு இயக்க முடியாது, எல்லாம் விசைப்பலகைதான். காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பழக வேண்டும் என்றால் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கி இலவசமாகத் தரும் ஏ-4இ ஸ்கைஹாக் இருக்கிறது. எட் ஹைன்மன் வடிவமைத்து 1954-இல் முதலில் பறந்த சின்ன அமெரிக்க விமானம். இது தாக்குதல் விமானம்தான், ஆனாலும் அமெரிக்கக் கடற்படை தன் 'டாப்கன்' வான்சண்டைப் பயிற்சிப் பள்ளியில் எதிரி மிக் விமானமாக நடிக்க வைத்தது இதன் குடும்பத்தைத்தான். அவ்வளவு சுறுசுறுப்பானது.

இதை நிறுவுவதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. ஜிப் கோப்பை டிசிஎஸ் நிறுவிய இடத்தில் பிரிக்கக் கூடாது. விண்டோஸில் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறைக்குள் 'சேவ்டு கேம்ஸ்', அதற்குள் 'டிசிஎஸ்', அதற்குள் 'மாட்ஸ்', அதற்குள் 'ஏர்கிராஃப்ட்'. கடைசி இரண்டும் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். அங்கே 'ஏ-4இ-சி' என்ற கோப்புறை உட்கார வேண்டும், அதைத் திறந்தவுடனே 'என்ட்ரி.லுவா' என்ற கோப்பு கண்ணில் பட வேண்டும். ஜிப்பைப் பிரிக்கும்போது அதே பெயரில் கோப்புறைக்குள் கோப்புறை உருவாகிவிட்டால் டிசிஎஸ்ஸுக்கு அந்தக் கோப்பு தெரியாது, விமானமும் வராது. உள்ளே இருப்பதை வெளியே இழுத்து வையுங்கள், சரியாகிவிடும். சேவ்டு கேம்ஸில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அப்டேட் வந்தாலும் ரிப்பேர் ஓட்டினாலும் அந்த இடத்தை டிசிஎஸ் தொடாது.

மிக்-21 தரையிலேயே ஒரு பக்கமாகச் சுழல்கிறது. நேராக ஓட்டவே முடியவில்லை. வானத்தில் கைவைக்காமலே ஆடுகிறது. ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டதா?
*– திருச்சி, ஈப்போ, ஜாஃப்னா வாசகர்கள்*

மூன்று பேர் எழுதியது ஒன்றாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

வானத்தில் ஆடுவதற்குக் காரணம் டிசிஎஸ்ஸின் ஒரு பழக்கம். கணினியில் எத்தனை கருவி செருகியிருக்கிறீர்களோ அத்தனைக்கும் அது தானாகவே அச்சுகளை, அதாவது விமானத்தை இயக்கும் அசைவுகளை, பிரித்துக் கொடுத்துவிடும். ஜாய்ஸ்டிக்கிலும் பிட்ச் (மூக்கை ஏற்றி இறக்கும் அசைவு), த்ராட்டிலின் (இன்ஜின் வேக நெம்புகோலின்) ஏதோ ஒரு சக்கரத்திலும் பிட்ச், பெடலிலும் பிட்ச். நீங்கள் பெடலை மிதித்தால் மூக்கு ஏறும். 'கன்ட்ரோல்ஸ்' பகுதியில் மிக்-21பிஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, 'ஆக்சிஸ் கமாண்ட்ஸ்' பார்த்து, ஒவ்வொரு வரியிலும் எந்தக் கருவி வேண்டுமோ அதை மட்டும் விட்டு மற்ற கட்டங்களை அழித்துவிடுங்கள். விமானத்துக்கு விமானம் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். த்ராட்டில் தலைகீழாக வேலை செய்தால் 'இன்வெர்ட்' டிக் போடுங்கள். வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் திரையின் ஓரத்தில் சின்னக் கட்டம் வரும், எந்த அச்சு எங்கே நிற்கிறது என்று அதில் நேராகவே பார்க்கலாம். ஜாய்ஸ்டிக்கைத் தொடாதபோது அதில் புள்ளி அசைந்தால் கொஞ்சம் டெட்ஸோன், அதாவது சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி, கொடுத்தால் போதும், புது ஜாய்ஸ்டிக் வாங்க ஓடாதீர்கள்.

தரையில் சுழல்வது விமானத்தின் இயல்பு. மிக்-21இன் மூக்குச் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது, அது போகிற போக்கில் திரும்பும். திருப்புவது பிரேக்கை வைத்துத்தான், பிரேக் இருப்பதோ விமானியின் கைப்பிடியான ஸ்டிக்கில். சைக்கிள் பிரேக் போல ஒரு நெம்புகோல். அதைப் பிடித்துக்கொண்டு இடது பெடலை மிதித்தால் இடது சக்கரம் மட்டும் பிடிக்கும், விமானம் இடப்பக்கம் திரும்பும். பெடலை மட்டும் மிதித்தால் மெதுவாகப் போகும்போது ஒன்றும் நடக்காது. அதனால் பிரேக்குக்கு ஜாய்ஸ்டிக்கிலேயே கைக்கு எட்டும் ஒரு பொத்தானோ அச்சோ கொடுத்துவிடுங்கள். த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளி, விமானம் நகர ஆரம்பித்ததும் ஐடிலுக்கு, அதாவது இன்ஜின் ஓடும் குறைந்தபட்ச நிலைக்கு, இறக்கி, திருப்பத்துக்கு முன்பே விட்டு விட்டுப் பிரேக் பிடியுங்கள். பிடித்தபடியே போகாதீர்கள், இந்த பிரேக் அழுத்தக் காற்றில் வேலை செய்கிறது, வீணாக்காதீர்கள், இறங்கும்போது தேவைப்படும்.

எல்லா சுவிட்சும் போட்டும் இன்ஜின் பிடிக்கவில்லை. பிடித்த ஒரு நாளும் எரிபொருள் மானி பூஜ்யத்திலேயே நின்றது. டேங்க் நிரம்பத்தான் இருந்தது.
*– வங்கி ஊழியர், சேலம்*

'எல்லா சுவிட்சும்' என்று எழுதியிருக்கிறீர்கள், மிக்-21இல் வரிசைதான் முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு டிசி, ஏசி ஜெனரேட்டர்கள், இன்வெர்ட்டர்கள், எரிபொருள் பம்புகள். பம்பு ஒன்றல்ல, தொட்டித் தொகுதிகளுக்கு வேறு வேறு சுவிட்ச் உண்டு, ஒன்றை மறந்தால் புறப்பட்டபின் நடுவானில் தெரியும். அப்புறம் ஸ்டார்ட் பொத்தானைத் தட்டிவிட்டுக் கையை எடுக்காமல் ஓரிரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். த்ராட்டில் 'ஸ்டாப்' நிலையில் பூட்டியிருந்தால் என்ன செய்தாலும் இன்ஜின் பிடிக்காது. அதை ஐடிலுக்குக் கொண்டுவரத் தனிக் கட்டளை இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கில் த்ராட்டிலைத் தள்ளினால் மட்டும் போதாது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இடது விண்டோஸ் விசையும் 'ஹோம்' விசையும் அழுத்தினால் எல்லாம் தானாக நடக்கும். ஒருமுறை அதைப் போட்டு, எந்தச் சுவிட்ச் எந்த வரிசையில் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் கையாலேயே செய்யுங்கள், ஏனென்றால் வரிசை கைக்கு வந்துவிட்டால் நடுவானில் ஒரு விளக்கு எரியும்போது அது எதைச் சொல்கிறது என்று உடனே புரியும்.

எரிபொருள் மானி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த மானிக்குத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. இன்ஜினுக்குள் போவதை மட்டும்தான் அளக்கிறது. வரவை நாம் எழுதிக் கொடுத்தால், செலவை மட்டும் கழித்துக்கொண்டே போகும் கணக்கு நோட்டு அது. புறப்படும் முன்னால் மானியின் திருகைச் சுழற்றி எத்தனை லிட்டர் ஏற்றியிருக்கிறோம் என்று நீங்கள்தான் வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் தப்பாகவே காட்டும், தொட்டி ஓட்டையாகிக் கசிந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் எச்சரிக்கை விளக்குகளையும் கூடவே பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் தரையிறங்கும்போது விமானம் கல் போல விழுந்து உடைகிறது. மற்ற விமானங்களில் நான் நன்றாகவே இறங்குகிறேன். இதில் மட்டும் ஏன்?
*– பலர்*

இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கடிதம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிக்-21ஐப் புரிந்துகொள்வது என்றால் அதன் இறங்கும் வேகத்தைப் புரிந்துகொள்வதுதான்.

இறக்கையைப் பாருங்கள். ஏறத்தாழ 7 மீட்டர் அகலம், 23 சதுர மீட்டர் பரப்பு, முன்விளிம்பு 57 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்த மெல்லிய முக்கோணம். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் உயரே ஏறி எதிரியின் குண்டுவீச்சு விமானத்தைப் பிடிக்கச் செய்த இறக்கை அது. மெதுவாகப் பறக்க அதற்கு விருப்பமே இல்லை. அதை ஈடுகட்ட பிஸ் ரகத்தில் எஸ்பிஎஸ் என்ற ஏற்பாடு வைத்தார்கள். இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் ஃபிளாப்பை முழுதாக 45 டிகிரி இறக்கியதும், இன்ஜினிலிருந்து அழுத்தக் காற்றை எடுத்து ஃபிளாப்பின் மேல் ஊதுவார்கள். அதனால் காற்றோட்டம் ஃபிளாப்போடு ஒட்டிக்கொள்ளும், தூக்குவிசை கூடும்.

இப்போது உங்கள் விபத்துக்கு வருவோம். மற்ற விமானத்தில் செய்வது போல ஓடுபாதைக்கு மேலே வந்ததும் 'சரி, வந்தாயிற்று' என்று த்ராட்டிலை முழுக்க இழுத்துவிடுகிறீர்கள். இன்ஜின் சுற்று குறைகிறது, ஊதும் காற்று நிற்கிறது, தூக்குவிசையில் ஒரு பங்கு அந்தக் கணமே காணாமல் போகிறது. நீங்கள் ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். கல் போல விழுகிறது என்று எழுதினீர்களே, அது இதுதான். சக்கரம் தரையைத் தொடும் வரை த்ராட்டிலை முழுதாக மூடக் கூடாது. எஸ்பிஎஸ்ஸுக்கு ஒரு சுவிட்ச் உண்டு, அது ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பி வரும்போது 500 கிலோமீட்டருக்கு இறக்கி, சக்கரத்தைக் கீழே விடுங்கள். ஃபிளாப் 25. திருப்பத்தில் 450-க்குக் கீழே போகாதீர்கள். நேராக ஓடுபாதை தெரிந்ததும் ஃபிளாப் முழுதும், 380. ஓடுபாதை விளிம்பில் 340, அதைவிட மெதுவாக வர ஆசைப்படாதீர்கள். தொடும்போது 310 அக்கம்பக்கம் இருக்கும். தொட்டதும் த்ராட்டிலை மூடி, மூக்கை இறக்கி, பாராசூட்டை விரித்து, பிறகு பிரேக். முள் எல்லாம் கிலோமீட்டரிலும் மீட்டரிலும் இருப்பது நமக்கு வசதி. நாட் (கடல் மைல் வேகம்), அடி என்று மனதுக்குள் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசிக் கட்டத்தில் மூக்கு உயர்ந்து, தடித்த கண்ணாடிச் சட்டமும் குறிபார்க்கும் கருவியும் சேர்ந்து ஓடுபாதையை மறைக்கும். எட்டிப் பார்க்க மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும், தூக்கினால் இறங்கும். எனவே ஓடுபாதையின் இரு ஓரங்களையும் வைத்து நேர் பிடியுங்கள், கண் வேக மானிக்கும் வெளிக்குமாகப் போய்வரட்டும். ஏவுகணை, ரேடார் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல் வாரம் முழுக்க ஆயுதமில்லாமல் புறப்படுவதும் இறங்குவதுமாகவே ஓட்டுங்கள். நான் சொல்லும் அறிவுரைகளில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

என் மகன் இதை ஓட்டுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். செய்தியில் எத்தனையோ முறை விபத்து என்று கேட்ட விமானம் இது. இது நம் விமானப் படையில் இருந்த அதே விமானமா?
*– ஒரு தாய், தாம்பரம்*

அம்மா, குடும்பம் ஒன்றுதான், ரகம் வேறு. இந்திய விமானப் படைக்கு மிக்-21 வந்தது 1963-இல், சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு. அதன்பின் நாசிக்கில் ஹெச்ஏஎல் என்ற அரசு விமான நிறுவனமே உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1971 போரில் பறந்தது எஃப்எல் ரகம். உங்கள் மகன் ஓட்டும் பிஸ் ரகமும் பிறகு நம் படையில் சேர்ந்தது. அதைப் புது ரேடார், புது ஏவுகணைகளோடு மேம்படுத்தியதுதான் பைசன். கடைசி வரை இருந்தது அந்த பைசன்தான், 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அதே சண்டிகரில் விடைபெற்றது. சிமுலேட்டரில் இருப்பது மேம்படுத்தாத சோவியத் கால பிஸ்.

விபத்துகளைப் பற்றிக் கேட்டீர்கள். காரணங்கள் பல, ஆனால் ஒன்றை உங்கள் மகன் ஓட்டும்போது நீங்களே பார்க்கலாம். மேலே சொன்ன அந்த 340 கிலோமீட்டர்தான். நம் இளம் விமானிகள் பல காலம் கிரண் என்ற மெதுவான பயிற்சி ஜெட்டிலிருந்து நேராக இந்த வேகத்துக்குத் தாவ வேண்டியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய உயர்நிலைப் பயிற்சி ஜெட்டான ஹாக் படையில் சேர்ந்தது 2008-இல்தான். அந்த விமானிகள் எதைச் சமாளித்தார்கள் என்பதில் ஒரு சிறு பங்காவது மேசையில் உட்கார்ந்து உணர முடிகிறது என்பதால்தான் இந்த விமானத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. மகன் காக்பிட்டில் இருக்கும்போது ஒரு விஷயம் கேளுங்கள்: முன்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அது எதற்கு என்று. விமானம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது விமானிக்கு எது நடு என்றே தெரியாது. ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளினால் நடுவுக்கு வந்துவிடும். அதற்காகப் போட்ட கோடு.

சண்டையில் முதல் திருப்பத்தில் எதிரியின் வால் தெரிகிறது, மூன்றாவது திருப்பத்தில் நான் சுடப்பட்டுவிடுகிறேன். என்ன செய்வது?
*– சிங்கப்பூர் வாசகர்*

மூன்றாவது திருப்பத்துக்குப் போகாதீர்கள். முக்கோண இறக்கை ஒருமுறை பலமாக இழுத்தால் அழகாகத் திரும்பும், ஆனால் அதற்கு விலையாக வேகத்தை அள்ளிக் கொடுத்துவிடும். 900 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து முழுச் சுற்று முடிக்கும்போது 450-இல் நிற்பீர்கள். அமெரிக்காவின் எஃப்-16 அப்போதும் வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மேலிருந்து வேகமாக வாருங்கள், ஒரு வாய்ப்பு, சுட்டாலும் சுடாவிட்டாலும் நேராக வெளியே போங்கள். 800-க்குக் கீழே முள் இறங்கினால் கையைத் தளர்த்துங்கள்.

தப்பி ஓடும்போது கைகொடுப்பது இதன் ஆர்-25 இன்ஜினின் இரண்டாவது ஆஃப்டர்பர்னர், அதாவது வெளியேறும் வாயுவில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஏற்பாடு. 4000 மீட்டருக்குக் கீழே, அதன் சுவிட்சை முன்பே போட்டு வைத்து, த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் உந்துவிசை சுமார் 70 கிலோநியூட்டனிலிருந்து 97-க்குப் போகும். ஓரிரு நிமிடங்கள்தான், எரிபொருளும் கொட்டும்.

ஏவுகணை இலக்கைப் பிடித்த சத்தம் கேட்கிறது, பொத்தானை அழுத்துகிறேன், போகவில்லை. ரேடாரும் வெறும் பச்சைக் குப்பையாகத் தெரிகிறது.
*– ஈரோடு, டொராண்டோ வாசகர்கள்*

ஆர்-60எம் என்ற வெப்பத்தைத் தேடும் ஏவுகணைக்கு வலதுபக்கப் பலகையில் தாங்கிகளுக்கு மின்சாரம், ஏவுகணைச் சூடேற்றம், ஏவும் சுற்று ஆகிய மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். தேர்வுத் திருகு சரியான தாங்கியில் நிற்க வேண்டும், பொத்தானின் மூடி திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால் நீங்கள் பொத்தானைத் தட்டுகிறீர்கள் என்று பொருள். அழுத்திப் பிடியுங்கள், ஒரு கணம் கழித்துத்தான் கிளம்பும்.

ரேடாரைப் புறப்படும் முன்பே ஸ்டாண்ட்பையில் (தயார் நிலையில்) போட்டுவிடுங்கள், சூடாகச் சில நிமிடம் பிடிக்கும். அந்தப் பச்சைக் குப்பை தரையிலிருந்து திரும்பி வரும் எதிரொலி. கீழே பறப்பவனைத் தரைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறன் இந்த ரேடாருக்கு இல்லை. நீங்கள் எதிரியைவிடத் தாழ்வாக இருந்து, மூக்கை மேலே நோக்கிப் பிடித்துத் தேடுங்கள்.

இந்திய விமானப் படையின் வண்ணத்தை மிக்-21இல் போட முடியுமா?
*– பாளையங்கோட்டை*

முடியும். டிசிஎஸ் தளத்தின் பயனர் கோப்புகள் பகுதியில் மிக்-21பிஸ் வண்ணங்களைத் தேடி இறக்கி, சேவ்டு கேம்ஸில் டிசிஎஸ்ஸுக்குள் 'லிவரீஸ்' என்ற கோப்புறையும், அதற்குள் விமானத்தின் பெயரில் இன்னொன்றும் உருவாக்கி அதில் வையுங்கள். விமானத்தின் பெயர் கோப்புறையில் எப்படி இருக்க வேண்டும் என்று இறக்கிய ஜிப்பிலேயே பெரும்பாலும் இருக்கும், ஓர் எழுத்து மாறினாலும் வராது. அடுத்த முறை மிஷனில் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வண்ணப் பட்டியலில் அது இருக்கும்.